முப்பத்தாறு கட்டம்

1. மூன்று கட்டைப் பைகள்

அது ஜூன் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் பழையபடி ஜூனில் திறக்கத் தொடங்கியிருந்த காலம். தேதியை நான் விடுவதில்லை. எந்தத் துணி எந்த நாளில் நனைந்தது என்று எழுதிவைப்பதுதான் வேலைக்காலம் முழுக்க எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

அன்று காலை தாம்பரம் சானடோரியம் பக்கம் இருந்த எங்கள் கார்மென்ட் யூனிட்டின் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மூன்று கட்டைப் பைகளோடு ஒரு பெண் இறங்கினார். வாட்ச்மேன் கை நீட்டியும் பைகளைக் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

அவர் கிரேஸ் மிஸ். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. யூனிஃபார்ம் பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது. மே மாதக் கடைசியில் அந்தப் பள்ளியின் பெண் குழந்தைகள் அத்தனை பேருக்கும் நாங்கள் பினஃபோர் தைத்துக் கொடுத்திருந்தோம். நீலமும் வெள்ளையுமாக அரை அங்குலச் சதுரக் கட்டம் போட்ட பருத்தித் துணி. பார்க்க லட்சணமான துணி.

கிரேஸ் மிஸ் பைகளை ரிசப்ஷன் மேஜையில் கவிழ்த்தார். அம்மாக்கள் திருப்பிக் கொடுத்த பினஃபோர்கள்.

“முட்டிக்குக் கீழ வரணும்னு ஸ்கூல் ரூல். இப்ப முட்டிக்கு மேல நிக்குது. ஒரே ஒரு தோய்ப்பு. இன்னைக்கு அசெம்ப்ளில பாதிப் பொண்ணுங்க பினஃபோரைக் கையால கீழ இழுத்துக்கிட்டே ப்ரேயர் சொல்லுதுங்க. நான் யாரை பனிஷ் பண்றது, சொல்லுங்க.”

எங்கள் ஜெனரல் மேனேஜர் பாஸ்கரன் சார் ஒரு பினஃபோரை எடுத்துத் தோளிலிருந்து கீழ் மடிப்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தார். அந்த சைஸுக்கு முப்பது அங்குலம் இருக்க வேண்டும். இருபத்தேழரைதான் இருந்தது. அவர் நிமிர்ந்து, தையல் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“கட்டிங் மாஸ்டரை வரச் சொல்லு.”

2. என் ரிப்போர்ட்

கட்டிங் மாஸ்டர் பெயர் மைக்கேல். கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் வருவார், பிறகு ஸ்கூட்டர். கத்தரி பிடித்து வளர்ந்தவர், மின்சாரக் கத்திக்கு மாறியவர். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்த யூனிட்டிலும் அவரைத் தெரியும். கட்டிங் மாஸ்டருக்கு சர்ட்டிஃபிகேட் கிடையாது. “அந்தாள் கை சரியா இருக்கும்” என்று நாலு யூனிட்டில் சொல்வதுதான் அவருடைய சர்ட்டிஃபிகேட். அதே நாலு யூனிட்டில் “அந்தாள் குட்டையா வெட்டிடுவான்” என்று ஒரு தடவை பரவிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர் கத்தியைத் தொட முடியாது.

அன்று மத்தியானத்துக்குள் மெமோ தயாராகிவிட்டது. பேட்டர்ன் அட்டையின் அளவைவிடக் குறைவாக வெட்டிவிட்டதாக மைக்கேல் மாஸ்டரே ஒப்புக்கொள்வதுபோல் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். மறுநாள் காலை எம்.டி. முன்னால், கிரேஸ் மிஸ் முன்னால், அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவருக்கு எதிராகப் பாஸ்கரன் சார் எடுத்துக் காட்டிய சாட்சி என்னுடைய ரிப்போர்ட்.

“துணி சுருங்கலை சீலி மேடம். நான் சொல்லலை, நீங்க சொல்லியிருக்கீங்க. ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பாஸ்னு உங்க கையெழுத்து இருக்கு. துணி சுருங்கலைன்னா வெட்டினதுதானே குட்டை?”

நான் அந்த யூனிட்டின் டெஸ்டிங் லேபுக்கு இன்சார்ஜ். லேப் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். கம்ப்ரசருக்குப் பக்கத்து அறை; ஒரு வாஷிங் மெஷின், ஒரு மேஜை, துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டெம்ப்ளேட், அழியாத மை பேனா, ஸ்டீல் ஸ்கேல். துணித் துண்டின் மேல் டெம்ப்ளேட்டை வைத்துப் புள்ளி குத்துவோம். துவைப்போம். மட்டமாக உலர்த்துவோம். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே எவ்வளவு குறைந்தது என்று அளப்போம். ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் என்பது இவ்வளவுதான்.

“சார், அந்த ரிப்போர்ட் ஏப்ரல் மாசம் மில்லுலேர்ந்து வந்த சாம்பிள் துண்டுக்குக் கொடுத்தது. மே மாசம் தைக்க வந்த மொத்தத் துணி, அந்த பல்க் ரோல் ஒண்ணுகூட என் லேபுக்கு வரலை. நான் கேட்டேன். டைம் இல்லைன்னு நேரா கட்டிங் டேபிளுக்கு ஏத்தினது நீங்க.”

“ஒரே மில்லு, ஒரே துணி மேடம்.”

“ஒரே மில்லு. ஒரே துணியான்னு துணியை நனைச்சாத்தான் தெரியும்.”

லேபுக்குப் புதிதாக வருகிற இளைஞர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தறியில் இருக்கும்போது நீளவாக்கு நூல், அதாவது பாவு, இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பிறகு சாயம், கஞ்சி, ஃபினிஷிங் என்று ஒவ்வொரு இயந்திரமும் துணியை முன்னால் இழுத்தே ஓட்டுகிறது. இழுத்த இழுப்பிலேயே ரோலில் சுற்றிவிடுகிறார்கள். தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. அதைத்தான் நாம் சுருக்கம் என்கிறோம். அதனால்தான் அகலத்தைவிட நீளம் அதிகம் குறையும். நல்ல மில்லில் சான்ஃபரைஸ் மெஷினில் துணியை முன்கூட்டியே சுருக்கி அனுப்புவார்கள். அவசர ஆர்டரில் அதைத் தாண்டிவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கையால் தடவினாலும் தெரியாது. தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். பாஸ்கரன் சாருக்கும் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு ஷர்ட் ஆர்டரில் துண்டு ஃபெயில் ஆனபோது அவர்தான் எனக்கு யோசனை சொன்னார். “கொஞ்சம் கையால இழுத்து அயர்ன் பண்ணுங்க மேடம், பாஸ் ஆயிடும்.” அயர்ன் பாக்ஸை அவர் பக்கம் தள்ளி, “இழுக்கறவங்கதான் ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போடணும் சார்” என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் வணக்கம் மட்டும்தான்.

3. பிளாட்ஃபாரத்தில் ஒரு பினஃபோர்

எனக்குத் தெரிந்தது ஒன்று, நிரூபிப்பது வேறு. தைத்து, துவைத்து, குட்டையாகிப்போன ஒரு பினஃபோரைக் கையில் வைத்துக்கொண்டு, இது வெட்டும்போதே குட்டையா, துவைத்ததில் குட்டையா என்று எப்படிச் சொல்வது? ஸ்கேல் இரண்டுக்கும் இருபத்தேழரை என்றுதான் சொல்லும்.

அன்று மாலை பெருங்களத்தூர் போக சானடோரியம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். பெஞ்சில் ஓர் அம்மாவும் பெண் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை மேல் எங்கள் நீலக் கட்டம். நான் உற்றுப் பார்ப்பதை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

“இன்னாக்கா, கொழந்தைய அப்டி பாத்துகினு கீற?”

“பாப்பா போட்டிருக்கிறது எங்க கம்பெனில தச்சதும்மா. துணியைக் கொஞ்சம் பாக்கலாமா?”

“உங்க கம்பெனியா? நல்லாப் பாரு. கவுனு தச்சீங்களா, கர்ச்சீப் தச்சீங்களான்னு நானே யார்னா மாட்டினா கேக்கணும்னு இருந்தேன்.”

“வெந்நீர்ல போட்டீங்களா?”

“வெந்நீரா? லாரித் தண்ணிக்கே குடத்தத் தூக்கிகினு நாயா அலையறேன். பச்சத் தண்ணி, பார் சோப்பு. அவ்ளோதான்.”

குனிந்து பாவாடைப் பகுதியைப் பார்த்தேன். கட்டங்கள் சதுரமாக இல்லை. என் கட்டைவிரல் நகத்தை ஒரு கட்டத்தின் மேல் அகலவாக்கில் வைத்தேன். பிறகு உயரவாக்கில் வைத்தேன். அகலம் அப்படியே இருந்தது. உயரம் குறைந்திருந்தது. தீப்பெட்டியைப் படுக்கவைத்த மாதிரி ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

அங்கேயே எனக்குப் புரிந்தது. மாஸ்டர் குட்டையாக வெட்டியிருந்தால் கட்டம் சதுரமாகவே இருந்திருக்கும், எண்ணிக்கைதான் குறைந்திருக்கும். துணி சுருங்கியிருந்தால் எண்ணிக்கை அப்படியே இருக்கும். கட்டம் ஒவ்வொன்றும் சிறுத்திருக்கும். கட்டத்தைத் தண்ணீர் அழுத்த முடியும், அழிக்க முடியாது.

இடுப்புத் தையலிலிருந்து விரலை வைத்துக் கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தேன்.

“ஆன்ட்டி, கூசுது” என்றது குழந்தை.

“இரும்மா, ஆன்ட்டி எண்றாங்க. எண்ணி முடிச்சா வளந்துடுமாம்” என்றார் அம்மா.

பத்தொன்பது வரும்போது ரயில் வந்துவிட்டது.

4. செவ்வாய்க்கிழமை காலை

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் கட்டிங் செக்‌ஷனில் மைக்கேல் மாஸ்டரைப் பிடித்தேன். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கட்டத்தை எண்ணப்போகிற விஷயத்தைச் சொன்னேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

“மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. மே மாசக் கடைசில லே போட ரெண்டு பேரு புச்சா வந்தானுங்களே, அவனுங்க துணிய இழுத்துப் போட்டுகினு கீறானுங்களோ இன்னாவோ. எல்லா லேயும் நான் பக்கத்துல நின்னுகினா பாத்தேன்? எட்டு எடத்துல இருந்து கூப்டுறான் பாஸ்கரன் சாரு.”

நீளமான மேஜையில் துணியை அடுக்கு அடுக்காக விரிப்பதைத்தான் லே போடுவது என்கிறோம். வெட்டும் முன் ரோலைப் பிரித்து ஒரு நாளாவது துணியைத் தளரவிட வேண்டும். பிறகு கை வைத்து இழுக்காமல் விரிக்க வேண்டும். அவசரத்தில் இழுத்து விரித்தால் துணி அந்த நேரத்துக்கு நீளமாகக் காட்டும். வெட்டியதும் பின்வாங்கும். அப்படி நடந்திருந்தால் ஒவ்வொரு பீஸிலும் கட்டம் குறையத்தான் செய்யும். இது கட்டிங் மேஜையில் மட்டுமே நடக்கிற தப்பு. இதை வெளியில் யாரும் யூகிக்கக்கூட மாட்டார்கள். மாஸ்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார்.

“எண்ணிப் பாத்து கட்டம் கொறஞ்சா இன்னா செய்வீங்க?” என்றார்.

“கொறைஞ்சிருக்குன்னு சொல்லுவேன்.”

“அட இன்னா மேடம், நீங்க எம்பக்கமா, அந்தாள் பக்கமா?”

“துணி பக்கம், மாஸ்டர்.”

அவர் மேஜையை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரி, எண்ணுங்க. எண்ணாம நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. எண்ணி, நெசமாவே நான் வெட்டினது கொறச்சல்னா, போட்டுக் குடுத்துட்டு கத்தியயும் குடுத்துட்டுப் போறேன்.”

5. கிரேஸ் மிஸ் எண்ணினார்

எம்.டி.யின் அறை. அவர் அதிகம் பேசாதவர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதைச் செய்கிறவர். பாஸ்கரன் சார் மெமோவை மேஜையில் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்திருந்தார். கிரேஸ் மிஸ் எதிரில் உட்கார்ந்திருந்தார். மைக்கேல் மாஸ்டருக்கு நாற்காலி போடவில்லை. அதனால் நானும் உட்காரவில்லை.

“சைன் பண்ணுங்க மாஸ்டர். மிஸ்ஸுக்கு ஸ்கூல் இருக்கு” என்றார் பாஸ்கரன் சார்.

“நான் இன்னா சார், குட்டையா வெட்டறதுக்கு அளவு தெரியாத ஆளா?”

“அளவு தெரிஞ்ச ஆள் வெட்டினதுதான் இங்க குவிஞ்சிருக்கு.”

நான் மேஜைக்குப் பக்கத்தில் போனேன். பல்க் ரோலில் மிஞ்சிய, இன்னும் தண்ணீர் படாத துணியைக் கொண்டுபோயிருந்தேன். கட்டிங்கில் தொங்கும் அட்டைப் பேட்டர்னையும் எடுத்துப்போயிருந்தேன். துணியை மேஜையில் போட்டு, இழுக்காமல், அதன் போக்கில் படுக்கவிட்டேன். மேலே பாவாடையின் பேட்டர்னை வைத்து இடுப்புத் தையலுக்கு ஒரு கோடு, கீழ் மடிப்புக்கு ஒரு கோடு, சாக்குக் கட்டியால் போட்டேன்.

“மிஸ், இந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல எத்தனை கட்டம்னு நீங்க எண்ணுங்க. நாங்க யாரும் எண்ண வேண்டாம்.”

“இது என்ன மேடம், ஸ்கூலா?” என்றார் பாஸ்கரன் சார்.

“ஸ்கூல்லேர்ந்துதான் சார் வந்திருக்கேன்” என்றார் கிரேஸ் மிஸ். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமல், கட்டம் கட்டமாகத் தொட்டு எண்ணினார். “முப்பத்தாறு.”

விஷயத்தை இரண்டு வரியில் சொன்னேன். எண்ணிக்கை குறைந்திருந்தால் மாஸ்டர் வெட்டியது தப்பு. எண்ணிக்கை முப்பத்தாறே இருந்தால் துணி சுருங்கியது. கிரேஸ் மிஸ் கணக்கு டீச்சர். இரண்டாவது வரியை நான் முடிக்கும் முன்பே பையிலிருந்து அதே அளவில் ஒரு பினஃபோரை எடுத்துவிட்டார்.

சிவப்புப் பேனாவால் மறுபடி தொட்டு எண்ணத் தொடங்கினார். மைக்கேல் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“முப்பத்தாறு.”

இன்னொன்று எடுத்தார். “இதுவும் முப்பத்தாறு.”

மூன்றாவதை எண்ணிவிட்டு, சந்தேகமாகி, கீழிருந்து மேலாக மறுபடி எண்ணினார். “இதுல முப்பத்தஞ்சரை.”

“அப்ப?” என்று பாஸ்கரன் சார் எழுந்தார். “அப்ப கொறையுதா இல்லையா?”

“கொறையுது. அரைக் கட்டம்” என்றேன். “லே போட்ட புது ஆளுங்க கொஞ்சம் இழுத்துட்டாங்க. அரைக் கட்டம்னா கால் இஞ்ச். அதை மாஸ்டர் காலைலயே என்கிட்ட சொல்லிட்டார். ஆனா பாவாடையில மட்டும் ஒன்றரை இஞ்ச் கொறையுது சார். மிச்சத்தை யார் வெட்டினா?”

அவர் உட்காரவில்லை. “வீட்ல வெந்நீர்ல போட்டிருப்பாங்க. துணியை ஊறவெச்சு அடிச்சுத் துவைப்பாங்க. அதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பாக முடியாது.”

கிரேஸ் மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். “மூணு பை நிறைய கொண்டுவந்திருக்கேன். இத்தனை அம்மாவும் பேசி வெச்சு ஒரே ஞாயித்துக்கிழமை வெந்நீர் வெச்சாங்களா சார்?”

எம்.டி. முதல் முறையாக வாயைத் திறந்தார். “மேடம், இதை இப்பவே டெஸ்ட் பண்ண முடியுமா?”

“முடியும் சார். பச்சைத் தண்ணில போடறேன். ஆனா காயணும். நேரமாகும்.”

“மிஸ், நீங்க நாளைக்கு வாங்களேன்” என்றார் பாஸ்கரன் சார்.

“பரவால்ல சார். லீவுக்குக் குடுத்த கணக்குப் பேப்பர் திருத்தணும், இங்கயே உக்காந்து திருத்தறேன். நாளைக்கு வந்தா அம்மாக்களையும் கூட்டிட்டுத்தான் வரணும்.”

6. பச்சைத் தண்ணீர்

தண்ணீர் படாத அதே துணியில் ஓர் அடி இடைவெளியில் புள்ளி குத்தினேன். மெஷினில் போட்டேன். ஏப்ரலில் வந்த சாம்பிளில் மிச்சமிருந்த துண்டையும் அதேபோல் புள்ளி குத்தி அதே தண்ணீரில் போட்டேன். இரண்டும் ஒன்றாகச் சுற்றின.

கிரேஸ் மிஸ் என் மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டார். அவ்வப்போது “இதைப் பாருங்க, மீட்டரையும் கிலோவையும் கூட்டி வெச்சிருக்கான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மைக்கேல் மாஸ்டர் உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார்.

துவைத்த துண்டை எடுத்து, வலைத்தட்டில் மட்டமாக, ஃபேனுக்குக் கீழே வைத்தேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கீழே இழுபடும். நீளம் பொய் சொல்லும். பாஸ்கரன் சார் ஒரு தடவை வந்து பார்த்தார். கையை நீட்டினார்.

“சுருக்கம் விழுந்திருக்கே, நான் நீவி விடறேன்.”

“தொடாதீங்க சார்.”

“நான் ஜெனரல் மேனேஜர் மேடம்.”

“தெரியும் சார். துணிக்குத் தெரியாது. தொடாதீங்க.”

கிரேஸ் மிஸ் திருத்துவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். வகுப்பில் பார்க்கிற பார்வை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எம்.டி. வந்தார். எல்லோரும் பார்க்க ஸ்கேலை வைத்தேன். ஏப்ரல் சாம்பிளில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. மே மாத பல்க்கில் பன்னிரண்டு அங்குலம் இருந்த இடத்தில் பதினொன்று இருந்தது. அடிக்கு ஓர் அங்குலம். முப்பது அங்குலப் பினஃபோருக்கு இரண்டரை. கிரேஸ் மிஸ் விடைத்தாளின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு, சிவப்பு மையில் ஒரு டிக் போட்டார்.

“அப்ப மாஸ்டர் மேல தப்பில்ல” என்றார்.

“மில்லு ஏமாத்திட்டான்” என்றார் பாஸ்கரன் சார்.

“மில்லு ஏமாத்தினதை நீங்க நனைச்சுப் பாத்திருந்தா இந்தப் புள்ளைங்க கையால இழுத்துக்கிட்டு நின்னிருக்காது. எல்லாத்தையும் மாத்தித் தைச்சுக் குடுங்க. இந்தத் தடவை நான் வந்து நனைக்கறதைப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்.”

எம்.டி. சரி என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

மைக்கேல் மாஸ்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். காலையில் எம்.டி. மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த மெமோவை எடுத்துப் பாஸ்கரன் சாரிடம் நீட்டினார். கையெழுத்துக் கோடு காலியாகவே இருந்தது.

“நல்ல திக்கு பேப்பர் சார். வீணாக்காதீங்க. காலர் பேட்டர்ன் போட ஆவும்.”

7. தேதி

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கிரேஸ் மிஸ் போன பிறகு எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாஸ்கரன் சார் பக்கத்தில் நின்றார்.

“மேடம், மாஸ்டர் விஷயம் முடிஞ்சுது. அவர் இருக்கட்டும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. மே மாசம் தேதி போட்டு பல்க்குக்கு ஒரு பாஸ் ரிப்போர்ட் குடுத்துடுங்க. மத்த ஸ்கூல்காரங்க யாராவது கேட்டா, நாங்க டெஸ்ட் பண்ணித்தான் வெட்டினோம்னு காட்ட ஏதாவது வேணும்ல? யாருக்கும் நஷ்டமில்ல.”

“மே மாசம் அந்தத் துணி நனையலை சார்.”

“ஒரு ஃபார்மாலிட்டிதான்.”

“என் ரிப்போர்ட்ல இருக்கிற தேதி, துணி தண்ணில விழுந்த தேதி. இன்னைக்குத்தான் விழுந்தது. ஃபெயில். இன்னைக்குத் தேதி போட்டு, ஃபெயில்னு குடுக்கறேன். அது வேணும்னா வெச்சுக்கங்க.”

பாஸ்கரன் சார் சிரித்தார். “நேத்து மாஸ்டருக்காக உங்க ரிப்போர்ட்டையே செல்லாதுன்னு சொன்னீங்க. இப்ப கம்பெனிக்காக ஒரு ரிப்போர்ட் எழுதக் கூடாதா?”

“செல்லாதுன்னு சொல்லலை சார். அந்தத் துண்டுக்குச் செல்லும்னு சொன்னேன்.”

ஜூலை முதல் தேதியிலிருந்து எனக்குப் பேக்கிங் செக்‌ஷன். அட்டைப் பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. லேப் சாவி பாஸ்கரன் சார் மேஜை டிராயருக்குப் போனது. நான் ராஜினாமா எழுதவில்லை. எழுதிக் கொடுப்பேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள், அதனாலேயே எழுதவில்லை. காலையில் நேரத்துக்கு வந்து, ஸ்டிக்கர் நேராக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் ரயில் ஏறினேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை கட்டிங் செக்‌ஷனில் ஒரு தகராறு. சத்தம் இல்லாததுதான் எங்களை முதலில் திரும்பிப் பார்க்க வைத்தது. மின்சாரக் கத்தியின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. அப்புறம் பாஸ்கரன் சாரின் குரல்.

“லே போட்டு வெச்சிட்டு ஏன் நிக்கறீங்க? வெட்டுங்க.”

“ரிப்போர்ட் வர்ல சார்.”

“என்ன ரிப்போர்ட்?”

“இந்த ரோலுக்கு நனச்ச ரிப்போர்ட். ரோலுக்கு வெளிய தொங்குற துண்டு ஆவாது; உள்ளாற இருந்து நானே வெட்டி எடுத்து வெச்சிருக்கேன். சீலி மேடம் கையெழுத்துப் போட்டு வந்தா கத்தி ஓடும்.”

“மேடம் பேக்கிங்ல இருக்காங்க.”

“தெரியும் சார். பக்கத்து ரூமுதான. கூப்டுங்க.”

“யூனியன் நடத்தறீங்களா இங்க?”

“கட்டிங் நடத்தறேன் சார். போன வாட்டி நீங்க சொன்னீங்கன்னு வெட்டினேன், என் பேர்ல மெமோ அடிச்சீங்க. இந்த வாட்டி சொல்றத எழுதிக் குடுங்க. ‘நனைக்காம வெட்டு’ன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்து. அது வந்தாலும் கத்தி ஓடும்.”

பாஸ்கரன் சார் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த யூனிட்டில் அவர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. சாவி திரும்பி வர சாயங்காலம் ஆயிற்று. ‘லேபுக்கு மாற்றம்’ என்று எனக்கு எந்த ஆர்டரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, மெஷினில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மைக்கேல் மாஸ்டர் ரோலின் உள்ளிருந்து வெட்டிய துண்டோடு வாசலில் நின்றார்.

“பாஸா, ஃபெயிலா மேடம்?”

“இன்னும் நனையவே இல்லை மாஸ்டர்.”

“சும்மா கேட்டேன்.”

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரை அங்கே எந்த ரோலும் நனையாமல் வெட்டப்படவில்லை. பாஸ்கரன் சார் மனம் மாறினார் என்று நினைக்க வேண்டாம். கடைசி நாள் வரை என்னைப் பார்த்தால் ஃபைலைப் புரட்டுவார். ஒரு யூனிட் ஒழுங்காக நடக்க எல்லோருடைய மனமும் மாற வேண்டிய அவசியமில்லை. கத்தி பிடிக்கிறவரும் ஸ்கேல் பிடிக்கிறவரும் இரண்டு பேரும் ‘முடியாது’ என்று சொன்னால் போதும்.

இப்போது லேப்களுக்குப் புதிதாகப் போகிறவர்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஏசி இருக்கிறது, என்னிடம் இல்லாத மெஷின்கள் இருக்கின்றன. துணி மட்டும் அன்று சுருங்கிய மாதிரிதான் இன்றும் சுருங்குகிறது. ஒரு நாள் யாராவது உங்கள் மேஜைக்கு வருவார்கள். உங்களைவிடப் பெரிய நாற்காலியில் உட்காருகிறவராக இருப்பார். அவசரம் என்பார், ஃபார்மாலிட்டி என்பார். ஒரு துண்டைக் கையில் கொடுத்துவிட்டு முழு ரோலுக்கும் கையெழுத்து கேட்பார்.

போடாதீர்கள்.